ஸ்வீடிஷ் கூட்டுச்சொற்கள்: கற்கத் தொடங்கும் தமிழருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்வீடிஷ் மொழி வகுப்புகளில் புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்களுக்கு,



ஸ்வீடிஷில் இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே பொருளைக் குறிக்கும்போது, அவை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதப்படும். ‘ஷூக்’ என்றால் நோயுற்ற. ‘ஹூஸ்’ என்றால் வீடு அல்லது கட்டடம். ‘ஷூக்ஹூஸ்’ மருத்துவமனை. ‘டான்ட்’ பல், ‘லேக்காரே’ மருத்துவர், ‘டான்ட்லேக்காரே’ பல் மருத்துவர். ‘சீல்’ என்பது குளிரச் செய்தலைக் குறிக்கும் வேர், ‘ஸ்கோப்’ அலமாரி; ‘சீல்ஸ்கோப்’ எல்லா வீட்டுச் சமையலறையிலும் நிற்கும் குளிர்சாதனப் பெட்டி. இப்படி அமையும் சொல்லுக்கு ஸ்வீடிஷ் இலக்கணம் ‘ஸம்மன்ஸெட்னிங்’ என்று பெயரிடுகிறது. ‘சேர்த்து வைத்தல்’ என்று பொருள்படும் அந்தப் பெயரும் ஒரு கூட்டுச்சொல்தான். (இம்மடலில் ஸ்வீடிஷ் சொற்கள் ஏறத்தாழ ஒலிப்பைத் தழுவித் தமிழில் தரப்படுகின்றன, மூல எழுத்துக்கூட்டலுக்கு அகராதியே துணை.)

ஸ்வீடிஷ் பாடநூலைத் திறந்ததும் கண்ணில் படும் நீளச் சொற்கள் கற்பவரை மலைக்க வைக்கின்றன. ஆனால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல, பிரித்துப் படிக்க வேண்டியவை. எங்கே பிரிப்பது என்பதற்கான அடையாளங்களும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் விதி, தலைமை கடைசிக் கூறுக்கே உரியது என்பது. சொல் எவ்வளவு நீண்டாலும் அது எதைப் பற்றியது என்பதை இறுதிக் கூறு சொல்லும். முன்னால் வருபவை அதற்கு அடைமொழி. ‘ம்யோல்க்’ பால்; ‘ஷுக்லாட்’ சாக்லேட். ‘ம்யோல்க்ஷுக்லாட்’ பால் கலந்த சாக்லேட். ‘ஷுக்லாட்ம்யோல்க்’ சாக்லேட் கலந்த பால். வரிசை மாறினால் பொருளே மாறிவிடும். தமிழிலும் மரக்கிளை ஒரு வகைக் கிளை, கிளைமரம் ஒரு வகை மரம் என்பதால் இது தமிழருக்குப் புதிதல்ல.

சொல்லின் இலக்கணமும் கடைசிக் கூற்றையே பின்பற்றுகிறது. ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்கள் ‘என்’ என்ற சுட்டை ஏற்பவை, ‘எட்’ என்ற சுட்டை ஏற்பவை என இரு பாலாகப் பிரியும். ‘பார்ன்’ (குழந்தை) ‘எட்’ வகை. ‘வங்ன்’ (வண்டி) ‘என்’ வகை. குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியான ‘பார்ன்வங்ன்’, முதற்கூறு எதுவாயினும், ‘என்’ வகைதான். பன்மை விகுதியும், ‘அந்த’ என்ற பொருள் தரும் ஈறும் வண்டியில்தான் ஒட்டும்; குழந்தை அசையாமல் இருக்கும். ஆகவே ஒரு புதிய கூட்டுச்சொல்லின் பாலை அறிய, அதன் கடைசிக் கூற்றின் பாலை அறிந்தால் போதும்.

முற்கூறுக்கும் பிற்கூறுக்கும் இடையிலான உறவு பல வகைப்படும். தமிழ் இலக்கணம் தொகைச் சொற்களை ஆறாகப் பகுத்திருப்பது இங்கே மிகவும் கைகொடுக்கிறது. அந்த ஆறுக்கும் ஸ்வீடிஷில் எடுத்துக்காட்டு உண்டு.

மிகுதியாக வருவது வேற்றுமைத்தொகை போன்றது. ‘ஓல்யா’ எண்ணெய். ‘ஓலீவ்ஓல்யா’ ஆலிவிலிருந்து எடுத்த எண்ணெய்; ‘மோட்டோர்ஓல்யா’ எந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய்; ‘பார்ன்ஓல்யா’ குழந்தைக்குப் பூசும் எண்ணெய். மூன்றின் கட்டமைப்பும் ஒன்றே. ‘இலிருந்து’ எது, ‘கு’ எது என்பதைச் சொல் வெளிப்படையாகக் காட்டாது. உலக அறிவு கொண்டு கேட்பவரே விரித்துக்கொள்ள வேண்டும்.

வினைத்தொகைக்கு நிகரானவற்றில் வினைச்சொல்லின் வேர் மட்டும் முன்னே நிற்கும். ஸ்வீடிஷ் வினைகள் அகராதியில் பெரும்பாலும் ‘ஆ’ என்று முடியும். கூட்டுச்சொல்லில் அந்த ‘ஆ’ நீங்கிவிடும். ‘ஸ்க்ரீவா’ எழுதுதல், ‘பூர்ட்’ மேசை, ‘ஸ்க்ரீவ்பூர்ட்’ எழுதுமேசை. ‘ஸோவா’ உறங்குதல், ‘ரும்’ அறை, ‘ஸோவ்ரும்’ படுக்கையறை. ஊறுகாய், சுடுகாடு ஆகியவற்றில் காலம் காட்டாமல் வேர் நிற்பது போலவே இங்கும் காலம் இல்லை.

பண்புத்தொகை போன்றவற்றில் உரிச்சொல் முன்னே வரும். இங்கே கூட்டுச்சொல்லுக்கும் சொற்றொடருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ‘வீன்’ (திராட்சை மது) ‘எட்’ வகை என்பதால், தனித்தனிச் சொற்களாகச் சொல்லும்போது ‘ரோட்’ (சிவப்பு) என்ற உரிச்சொல் ஈறு மாறி ‘ரொட் வீன்’ என்றாக வேண்டும். கூட்டுச்சொல்லிலோ அது மாறாமல் ‘ரோட்வீன்’ என்றே நிற்கும். தொடரில் இருக்கும் உரிச்சொல் பெயருக்கு ஏற்ப வடிவம் மாறும். கூட்டுச்சொல்லுக்குள் போனதும் அது வெறும் வேராகிவிடும்.

உவமைத்தொகைக்கு ‘ஸ்னோவீட்’ (பனிவெள்ளை), ‘ப்லூட்ரோட்’ (இரத்தச் சிவப்பு) ஆகியவை சான்று. உம்மைத்தொகைக்கு ‘ஸ்வர்ட்வீட்’ (கறுப்பும் வெள்ளையும்), நாட்டுக் கொடியின் நிறமான ‘ப்லோகூல்’ (நீலமும் மஞ்சளும்). அன்மொழித்தொகைக்கு ஒரு சிறு பறவையின் பெயர்: ‘ரோட்ஹாக்கே’. சொற்களை விரித்தால் சிவப்பு மோவாய்; குறிக்கப்படுவதோ மோவாய் அல்ல, அதை உடைய பறவை.

அடுத்தது, இரண்டு கூறுகளும் சந்திக்கும் மூட்டு. தமிழில் மரம், கிளை இரண்டும் சேரும்போது மகரம் கெட்டு வல்லினம் மிகுகிறது. ‘மரத்துக் கிளை’ எனில் ‘அத்து’ச் சாரியை நடுவே தோன்றுகிறது. ஸ்வீடிஷிலும் கெடுதலும் உண்டு, சாரியையும் உண்டு. எதுவும் தோன்றாமல் அப்படியே ஒட்டுவது எளிய வகை: ‘ஃபூட்’ (பாதம்), ‘போல்’ (பந்து), ‘ஃபூட்போல்’ (கால்பந்து). ‘ஆ’வில் முடியும் பெயர்கள் பல அந்த உயிரை இழக்கும்: ‘ஸ்கூலா’ (பள்ளி), ‘பூக்’ (புத்தகம்), ‘ஸ்கூல்பூக்’ (பள்ளிப் புத்தகம்).

சாரியைகளில் மிகுதியாக வருவது ‘ஸ்’. பழைய ஆறாம் வேற்றுமை உருபிலிருந்து வந்தது அது. இன்று உடைமைப் பொருள் எதையும் சுமக்காமல், கூறுகளை இணைக்கும் வேலையை மட்டும் செய்கிறது. ‘ஆர்பேட்டே’ (வேலை) தன் ஈற்று உயிரை இழந்து ‘ஸ்’ பெற்று, ‘ப்ளட்ஸ்’ (இடம்) என்பதோடு சேர்ந்தால் ‘ஆர்பேட்ஸ்ப்ளட்ஸ்’, அதாவது பணியிடம். எந்தச் சொல் ‘ஸ்’ பெறும் என்பதற்கு முழுமையான விதி இல்லை. ஆனால் ‘னிங்’, ‘ஹேட்’, ‘ஸ்காப்’, ‘டூம்’, ‘ஷூன்’ என்ற விகுதிகளில் முடியும் பெயர்கள் முற்கூறாக வந்தால் ஏறத்தாழ எப்போதும் ‘ஸ்’ பெறும். செய்தித்தாளைக் குறிக்கும் ‘டீட்னிங்’ என்ற சொல், கட்டுரையைக் குறிக்கும் ‘ஆர்டிக்கெல்’ என்பதோடு ‘டீட்னிங்ஸ்ஆர்டிக்கெல்’ என்றே சேரும். ‘எல்ஸெ’ விகுதி இதற்குப் புறம்பானது: ‘ஃபோடெல்ஸெ’ (பிறப்பு), ‘டாக்’ (நாள்), ‘ஃபோடெல்ஸெடாக்’ (பிறந்தநாள்). ஒரே சொல்லே சில இடங்களில் ‘ஸ்’ ஏற்கும், சில இடங்களில் ஏற்காது. ‘டீட்’ (காலம்) என்பது ரயில் அட்டவணையைக் குறிக்கும் ‘டீட்டபெல்’ என்ற சொல்லில் நேராகவே ஒட்டுகிறது. வேலைத் திட்டத்தின் கால வரையறையைக் குறிக்கும் ‘டீட்ஸ்பிளான்’ என்ற சொல்லில் ‘ஸ்’ நுழைகிறது. இத்தகையவற்றை வழக்கைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

உயிர்ச் சாரியைகள் மொழியின் பழமையைக் காட்டுகின்றன. ‘காட்டா’ (தெரு) என்பது ‘ஹோர்ன்’ (முனை) என்பதோடு சேரும்போது ‘காட்டுஹோர்ன்’ (தெருமுனை) ஆகிறது. ‘வாரா’ (சரக்கு) ‘வாருஹூஸ்’ (பல்பொருள் அங்காடி) என்றாகிறது. ஆனால் ‘சிர்க்கா’ (தேவாலயம்) ‘சிர்க்குகோர்ட்’ (கல்லறைத் தோட்டம்) என்றும், ‘வெக்கா’ (வாரம்) ‘வெக்குடாக்’ (வார நாள்) என்றும் ஆகும்போது, எழுத்தில் நடுவே நிற்பது வேறு உயிர். முதல் இரண்டிலும் ஸ்வீடிஷ் ‘உ’. அடுத்த இரண்டிலும் ஸ்வீடிஷ் ‘ஓ’, இது பேச்சில் உகரத்தை ஒட்டி ஒலிக்கிறது. இந்தப் பிரிவுக்குக் காரணம் அசையின் அளவு. சுமார் 1225 முதல் 1526 வரை வழங்கிய பழைய ஸ்வீடிஷில் இவ்வகைப் பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது ஈற்று ‘ஆ’ இன்னோர் உயிராகத் திரியும். வேரின் அசை குறுகியதாக, அதாவது ஒரு குறிலும் ஒரு மெய்யுமாக இருந்தால் திரிபு ‘உ’. குறிலை அடுத்து இரண்டு மெய்கள் வந்து அசை கனத்திருந்தால் திரிபு ‘ஓ’. அன்று தெருவைக் குறித்த சொல்லின் முதல் உயிர் குறிலாகவே இருந்தது. தேவாலயத்தைக் குறித்த சொல்லில் இரண்டு மெய்கள் அடுத்து வந்தன. பிற்காலத்தில் தெருவின் உயிர் நெடிலாகிவிட்டது, பெயர்களின் அந்த வேற்றுமை வடிவங்களும் வழக்கொழிந்தன. கூட்டுச்சொற்களின் நடுவில் மட்டும் அவை எஞ்சி நிற்கின்றன.

மூன்று கூறுகள் சேரும்போது ‘ஸ்’ சாரியைக்கு இன்னொரு வேலை கிடைக்கிறது. பிரித்துப் படிக்க விரும்புவோர் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. முற்கூறே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால், அதன் முடிவில் பெரும்பாலும் ஒரு ‘ஸ்’ தோன்றும். பந்தாடும் திடல் ‘போல்பிளான்’. கால்பந்துத் திடல் ‘ஃபூட்போல்ஸ்பிளான்’. மதுக் கிண்ணம் ‘வீன்கிளாஸ்’. சிவப்பு மதுவுக்கான கிண்ணம் ‘ரோட்வீன்ஸ்கிளாஸ்’. ‘வேக்’ என்பது வழி, ‘யேர்ன்’ என்பது இரும்பு. சாலைச் சந்திப்பு ‘வேக்கோர்ஸ்னிங்’, ரயில் பாதைச் சந்திப்போ ‘யேர்ன்வேக்ஸ்கோர்ஸ்னிங்’. தனியே ‘ஸ்’ ஏற்காத போல், வீன், வேக் ஆகிய சொற்கள், தமக்கு முன்னால் இன்னொரு கூறு வந்ததும் ‘ஸ்’ ஏற்கின்றன. அந்த ஓர் எழுத்து, ‘இதுவரை உள்ளது ஒரு தொகுதி, பெரிய மூட்டு இங்கேதான்’ என்று காட்டிவிடுகிறது. ‘பார்ன்பூக்ஸ்க்ளுப்’ என்றால் சிறுவர் நூல்களுக்கான கழகம். ‘ஸ்’ இல்லாமல் ‘பார்ன்பூக்க்ளுப்’ என்றால் சிறுவர்கள் சேரும் நூற்கழகம். முன்னதில் மூட்டு ‘சிறுவர் நூல்’ முடியும் இடத்தில். பின்னதில் ‘சிறுவர்’ முடியும் இடத்தில்.

எழுத்தில் ஒரு கெடுதல் விதியும் உண்டு. ஒரே மெய்யெழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வர ஸ்வீடிஷ் விடுவதில்லை. மூன்றில் ஒன்று நீங்கிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுச் சலவை அறை இருக்கும். அங்கே ஒவ்வொரு குடும்பமும் தனக்கான நேரத்தைப் பதிவு செய்துகொள்ளும். அந்த நேரத்தின் பெயர் ‘ட்வெட்டீட்’: ‘ட்வெட்’ (சலவை) இரண்டு டகர மெய்களோடு முடிகிறது, ‘டீட்’ (நேரம்) ஒரு டகரத்தோடு தொடங்குகிறது, எழுதும்போது இரண்டே மிஞ்சும். வரியின் கடைசியில் சொல்லை உடைக்க நேர்ந்தால் மறைந்த எழுத்து திரும்பிவரும். இந்த விதியால் சில சொற்கள் இருபொருள் படும். கண்ணாடி ‘கிளாஸ்’ ஒரு ஸகரத்தோடு முடியும்; ஐஸ்கிரீம் ‘க்ளஸ்’ இரண்டு ஸகரத்தோடு முடியும்; கிண்ணம் ‘ஸ்கோல்’. கண்ணாடிக் கிண்ணமும் ஐஸ்கிரீம் கிண்ணமும் எழுத்தில் ஒன்றே. வேறொரு சொல்லில் இருபொருள் வருவது மூட்டின் இடத்தால்: ‘பீல்’ (கார்) ‘ட்ருல்லே’ (தடுமாறுபவர்) எனப் பிரித்தால் கண்மண் தெரியாமல் காரோட்டுபவர், அதே எழுத்து வரிசையை ‘பில்ட்’ (படம்) ‘ருல்லே’ (சுருள்) எனப் பிரித்தால் படச்சுருள்.

எழுத்தில் ஒன்றான இவற்றைப் பேச்சில் உயிரின் நீளம் பிரித்துக் காட்டிவிடும். அதைவிட முக்கியமானது சொல் முழுவதன் அழுத்தம். கூட்டுச்சொல்லில் முதன்மை அழுத்தம் முதற்கூற்றிலும், துணை அழுத்தம் கடைசிக் கூற்றிலும் விழும். நடுவில் இருப்பவை தணிந்து ஒலிக்கும். ‘ஃபூட்போல்ஸ்பிளான்’ என்பதில் ‘ஃபூட்’டும் ‘பிளா’னும் எழுந்து நிற்க, ‘போல்ஸ்’ அடங்கிவிடும். இதோடு ஸ்வரமும் சேர்கிறது. ஸ்வீடிஷில் இரண்டு ஸ்வர அழுத்தங்கள் உண்டு. ‘அண்டென்’ என்ற ஒரே எழுத்துக்கோவை, முதலாம் ஸ்வரத்தில் ‘அந்த வாத்து’, இரண்டாம் ஸ்வரத்தில் ‘அந்த ஆவி’. ஸ்டாக்ஹோம் வட்டாரப் பேச்சில் கூட்டுச்சொற்கள் இரண்டாம் ஸ்வரத்தையே ஏற்கின்றன. குரல் முதற்கூற்றிலிருந்து இறங்கி, கடைசிக் கூற்றில் மீண்டும் ஏறும். பின்லாந்தில் பேசப்படும் ஸ்வீடிஷில் இந்த ஸ்வர வேறுபாடு பொதுவாக இல்லை. ஆயினும் அழுத்த அமைப்பு அங்கும் உண்டு. சொல்லழுத்தத்தால் பொருள் பிரிப்பது தமிழில் இல்லாததால், தமிழர் காது இதற்குப் பழகச் சற்றுக் காலம் பிடிக்கும். எல்லாக் கூறுகளையும் சம அழுத்தத்தில் உச்சரித்தால் கேட்பவருக்கு அது ஒரு சொல்லாகவே படாது.

எழுத்தில் இடைவெளி விடுவதும் அதே விளைவைத் தரும். கூட்டுச்சொல்லைப் பிரித்தெழுதும் பிழையை ஸ்வீடிஷில் ‘ஸேர்ஸ்க்ரீவ்னிங்’ என்பர். தமிழில் ‘பள்ளிக்கூடம்’, ‘பள்ளிக் கூடம்’ என எப்படி எழுதினாலும் பொருள் கெடுவதில்லை, ஸ்வீடிஷில் கெட்டுவிடும். ‘ஷூக்ஷோதெர்ஸ்கா’ மருத்துவத் தாதி. இடைவெளி விட்டு ‘ஷூக் ஷோதெர்ஸ்கா’ என்று எழுதினால் நோயில் விழுந்த தாதி. ‘சிக்லிங்லேவெர்’ கோழி ஈரல். பிரித்தெழுதினால் ‘கோழிக்குஞ்சு உயிரோடிருக்கிறது’ என்ற வாக்கியம். ‘ரோக்ஃப்ரிட்’ புகைபிடித்தல் இல்லாத இடம். பிரித்து எழுதிய பலகையோ ‘தாராளமாகப் புகைபிடி’ என்று அழைக்கும். கூட்டுச்சொற்கள் பலவற்றைத் தனித்தனியே எழுதும் ஆங்கிலத்தின் தாக்கம் இப்பிழைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஸ்வீடன்வாசிகளே இதைச் செய்வதுண்டு. செய்தால் கேலிக்கும் ஆளாவதுண்டு.

பிரித்தெழுத இடமுள்ள ஒரு சூழல், இரண்டு கூட்டுச்சொற்கள் ஒரே பிற்கூற்றைப் பகிர்வது. ‘ஃபோர்டேலார்’ நன்மைகள், ‘நக்டேலார்’ குறைகள். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது முதற்சொல்லின் பிற்கூற்றை விட்டுவிட்டு, அங்கே ஒரு சிறு கோடு மட்டும் இட்டு ‘ஃபோர்- ஓக் நக்டேலார்’ என எழுதுவர். அந்தக் கோடு, ‘மீதி அடுத்த சொல்லில் இருக்கிறது’ என்பதற்கான குறி.

கூட்டுச்சொல்லின் கூறுகளே முன்னொட்டும் விகுதியும் சேர்ந்து உருவானவையாக இருக்கலாம். ஹன்சா என்னும் வணிகக் கூட்டமைப்பின் காலத்தில், மத்திய காலத் தாழ் ஜெர்மன் மொழியிலிருந்து ‘பெ’, ‘ஃபொர்’ போன்ற முன்னொட்டுகளும் ‘ஹேட்’ போன்ற விகுதிகளும் ஸ்வீடிஷுக்குள் பெருமளவில் வந்தன. எதிர்மறை தரும் ‘ஊ’ முன்னொட்டு ஸ்வீடிஷின் சொந்தச் சொத்து. இவை எல்லாம் ஒரு சொல்லில் கூடுவதை ‘ஊலிக்ஸ்ஃபல்ஸ்ஃபொர்ஸேக்ரிங்’ என்பதில் காணலாம். வலமிருந்து தொடங்கினால் ‘ஃபொர்ஸேக்ரிங்’ என்பது காப்புறுதி. அதற்குள் ‘உறுதியான, பாதுகாப்பான’ என்னும் பொருளுடைய ‘ஸேக்கெர்’, முன்னே ‘ஃபொர்’, பின்னே ‘இங்’ விகுதி. அதற்கு இடப்புறம் ஒரு ‘ஸ்’, ஆகவே முன்னால் இருப்பது ஒரு தொகுதி: ‘ஊலிக்ஸ்ஃபல்’, விபத்து நேர்வு. அதற்குள் ‘ஃபல்’ நேர்வு, இன்னொரு ‘ஸ்’, முதலில் ‘ஊலிக்கா’ விபத்து. அதையும் பிரித்தால் ‘லிக்கா’ மகிழ்ச்சி அல்லது நல்லூழ், ‘ஊ’ இன்மை. விபத்துக் காப்புறுதி என்று பொருள்படும் இந்தச் சொல்லில் புரியாமல் எஞ்சும் துண்டு எதுவும் இல்லை.

வினைச்சொற்களில் நிலை சற்று வேறு. துணைச்சொல் வினைக்கு முன்னால் ஒட்டியும் வரலாம், பின்னால் பிரிந்தும் வரலாம். சிலவற்றில் இரண்டு வடிவமும் ஒரே பொருள் தரும். பலவற்றில் பிரிந்த வடிவம் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் செயலையும், ஒட்டிய வடிவம் அதன் வழிவந்த கருத்தையும் குறிக்கும். ‘ப்ரீட்டா ஆவ்’ குச்சியை ஒடிப்பது. ‘ஆவ்ப்ரீட்டா’ பேச்சில் குறுக்கிடுவது. பெயரிலிருந்து பின்னோக்கிப் பிறந்த வினைகளும் உண்டு. ‘டம்ஸூகாரே’, சொல்லுக்குச் சொல் தூசி உறிஞ்சி, வீட்டைத் துப்புரவாக்கும் கருவி. அந்தப் பெயரிலிருந்து ‘டம்ஸூகா’ என்ற வினை பின்னர் உருவானது. ‘ஸூகா’ என்ற மூல வினை இறந்த காலத்தில் உயிர் திரிந்து ‘ஸோக்’ ஆகும். புது வினைக்கும் அதே திரிபா, அல்லது விகுதி சேர்த்து ‘டம்ஸூகாடெ’ என்பதா? இரண்டும் வழக்கில் உள்ளன.

உறவுப்பெயர்களில் கூட்டுச்சொல் முறை மிக ஒழுங்காக வேலை செய்கிறது. ‘ஃபார்’ தந்தை, ‘மூர்’ தாய். தந்தையின் தந்தை ‘ஃபார்ஃபார்’, தந்தையின் தாய் ‘ஃபார்மூர்’, தாயின் தந்தை ‘மூர்ஃபார்’, தாயின் தாய் ‘மூர்மூர்’. ஈழத் தமிழின் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா அமைப்பு அப்படியே இது. தந்தையின் சகோதரர் ‘ஃபார்ப்ரூர்’, தாயின் சகோதரர் ‘மூர்ப்ரூர்’. பெரியப்பா, சித்தப்பா என்ற வயது வேறுபாடு இல்லை என்றாலும், தந்தைவழி தாய்வழி வேறுபாடு தவறாது. தந்தையின் சகோதரி ‘ஃபாஸ்டெர்’, தாயின் சகோதரி ‘மூஸ்டெர்’. இவற்றில் சகோதரியைக் குறிக்கும் ‘ஸிஸ்டெர்’ தேய்ந்து ‘ஸ்டெர்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. மகனின் மகன் ‘ஸோன்ஸோன்’. பேரப்பிள்ளை பொதுவாக ‘பார்ன்பார்ன்’, பிள்ளையின் பிள்ளை.

கூறுகள் தெரிந்தும் பொருள் நேராகத் தெரியாத சொற்களும் உண்டு. ‘ஃப்லட்டெர்மூஸ்’ படபடக்கும் எலி, அதாவது வௌவால். ‘ஷொல்ட்பட்டா’ கேடயத் தேரை, அதாவது ஆமை. ‘ஃப்லூட்ஹெஸ்ட்’ ஆற்றுக் குதிரை. தமிழ் அதே விலங்கை யானையாக்கி நீர்யானை என்கிறது. ‘ஸ்மொர்கோஸ்’ என்பதில் வெண்ணெயும் வாத்தும் உள்ளன. பொருளோ வெண்ணெய் பூசிய ரொட்டி. பழவகையான ‘சொர்ஸ்பேர்’ என்பதில் ‘பேர்’ சிறுகனி. ‘சொர்ஸ்’ என்பதற்கு இன்று தனிப்பொருள் இல்லை. மாட்டுத் தொழுவமான ‘லாடுகோர்ட்’ எழுத்தில் மூன்றசையோடு நின்றாலும் பேச்சில் ‘லாகோர்ட்’ என்று சுருங்கிவிட்டது. நாள்பட்ட கூட்டுச்சொற்களில் மூட்டு மறைவது இப்படித்தான். இவற்றை ஒரே சொல்லாகவே கற்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் பெரும்பாலும் இரண்டு கூறுகள் கொண்டவை. ஸ்டாக்ஹோம் என்பதில் ‘ஸ்டொக்’ மரக்கட்டை, ‘ஹோல்ம்’ சிறுதீவு. ‘சோபிங்’ என்பது வணிகத் தலம். வடக்கு என்னும் ‘நொர்’ சேர்ந்தால் நொர்சோபிங், தெற்கு என்னும் ‘ஸோடெர்’ சேர்ந்தால் ஸோடெர்சோபிங். குடும்பப்பெயர்களில் ஒரு வகை தந்தை பெயரோடு ‘ஸோன்’ (மகன்) சேர்ந்தது, ஆண்டெர்ஸோன் அத்தகையது. இன்னொரு வகை இயற்கையிலிருந்து எடுத்த இரண்டு சொற்களின் சேர்க்கை: பெரிஸ்ட்ரம் மலையும் நீரோட்டமும், லிண்ட்கிரேன் லிண்டன் மரமும் கிளையும். இலக்கிய நோபல் பரிசை 1909இல் பெற்ற முதல் பெண்ணான செல்மா லாகர்லோவின் பெயரில் இருப்பவை லாரல் மரமும் இலையும்.

இவ்வாறு சொற்களை வேண்டியபோதெல்லாம் ஆக்கிக்கொள்ள முடிவதால், எந்த அகராதியும் ஸ்வீடிஷின் எல்லாச் சொற்களையும் தொகுத்துவிட முடியாது. 1786இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் நிறுவிய ஸ்வீடிஷ் அகாதெமி, எழுத்துக்கூட்டலுக்கு வழிகாட்டும் சொற்பட்டியலை 1874 முதல் வெளியிட்டு வருகிறது. 2015இல் வந்த 14ஆம் பதிப்பில் ஏறத்தாழ 1,26,000 சொற்கள் உள்ளன. அகாதெமியின் வரலாற்றுப் பேரகராதியின் முதல் தொகுதி 1898இல் வெளிவந்தது. பணி 2023இல்தான் நிறைவுற்றது. இவற்றில் இல்லாத கூட்டுச்சொல்லும் விதிப்படி அமைந்திருந்தால் சரியான சொல்லே. 2018ஆம் ஆண்டின் புதுச்சொற்பட்டியலில் இடம்பெற்ற ‘ஃப்லீக்ஸ்காம்’ அப்படி வந்தது: ‘ஃப்லீக்’ விமானம், ‘ஸ்காம்’ வெட்கம், சுற்றுச்சூழலை எண்ணி விமானத்தில் பறக்கக் கூசும் உணர்வு.

புதிதாகக் குடியேறுவோர் முதலில் சந்திக்கும் நீளச் சொற்கள் அரசு அலுவலகங்களில்தான் இருக்கின்றன. ‘ஃபோல்க்பூக்ஃபோரிங்’ என்பதில் ‘ஃபோல்க்’ மக்கள், ‘பூக்ஃபோரிங்’ கணக்கெழுதுதல். சேர்ந்தால் மக்கள் பதிவு. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஊர்க் குருமார் தம் மக்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. அந்தப் பொறுப்பு 1991 ஜூலை 1 அன்றுதான் வரி நிர்வாகத்துக்கு மாறியது. ஒவ்வொருவருக்கும் தரப்படும் ‘பெர்ஷூன்நும்மெர்’ (ஆள் எண்) 1947இல் அறிமுகமானது. ‘உப்பெஹோல்ஸ்டில்ஸ்டோன்ட்’ என்பதில் ‘டில்ஸ்டோன்ட்’ அனுமதி, நடுவே ‘ஸ்’, ‘உப்பெஹோல்’ தங்குதல், வதிவிட அனுமதி.

இதே முறையில் எந்தப் படிவத்தின் தலைப்பையும் படிக்கலாம். ‘பூஸ்டாட்ஸ்பீட்ராக்ஸ்ஆன்ஸோக்கான்’ என்ற தலைப்பில் கடைசிக் கூறு ‘ஆன்ஸோக்கான்’, விண்ணப்பம். ஆகவே இது ஒரு விண்ணப்பம், பாலும் அதனுடையதே. அதற்கு முன்னுள்ள ‘ஸ்’, இடப்புறம் முழுவதும் ஒரு தொகுதி என்று காட்டுகிறது. அத்தொகுதியின் கடைசிக் கூறு ‘பீட்ராக்’, உதவித்தொகை. மீண்டும் ஒரு ‘ஸ்’. முதலில் ‘பூஸ்டாட்’, குடியிருப்பு. அதுவும் ‘பூ’ (வசித்தல்), ‘ஸ்டாட்’ (இடம்) எனப் பிரியும். குடியிருப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பம். உச்சரிக்கும்போது முதன்மை அழுத்தம் ‘பூ’வில், துணை அழுத்தம் ‘ஆன்ஸோக்கா’னில். எழுதும்போது நடுவில் எங்கும் இடைவெளி இல்லை.

வணக்கத்துடன்,
ஸ்வீடிஷ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்